படிக்க ஓர் இடம்

சென்ற முறை மழைக்காலத்தில் துணி உலர்த்துவது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு எதிர்வீட்டுப் பெண் கேட்டாள்: "துணி காய இடம் சொல்லிட்டீங்க அத்தை, நான் படிக்க ஒரு இடம் சொல்லுங்களேன்!"

எனக்குச் சுருக்கென்றது. அவள் குரூப் 4 பரீட்சைக்குத் தயாராகிறவள். வீடோ ஒரே அறை. மற்ற நாட்களில் மொட்டை மாடியில் உட்கார்ந்து படிப்பாள். ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் அதற்கும் வழியில்லை. உள்ளே டி.வி. சத்தம், தம்பியின் கூச்சல். வெளியே துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள். எங்கள் தண்டையார்பேட்டையில் அமைதி என்பது கிருத்திகைக்கு ஒரு நாள், அமாவாசைக்கு ஒரு நாள்தான்.

"கிளை நூலகம் இருக்கே?" என்றேன்.

"அப்பா விடமாட்டார் அத்தை. ஆறு மணிக்கே இருட்டிப் போகுது. உள்ளே பேப்பர் படிக்கிற ஆம்பிளைங்கதான் இருப்பாங்க."

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்த வாசலைத் தாண்டித்தான் இருபது வருஷமாகக் காய்கறிக்குப் போய் வருகிறேன். ஒரு நாளாவது உள்ளே எட்டிப் பார்த்தேனா? கல்யாணத்துக்கு முன் வாரம் இரண்டு புத்தகம் முடித்தவளாக்கும் நான்!

அவள் அப்பாவிடம் பேசினேன். "நீங்க கூடப் போனா சரிம்மா. எட்டு மணிக்குள்ள வீடு வந்துடணும்" என்றார். ஆக, காவலுக்குப் போனேன்.

நாங்கள் போன சமயம் தேசிய நூலக வாரம். ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை கொண்டாடுகிறார்கள். முதல் நாளே குழந்தைகள் தினம் என்பதால் ஓவியப் போட்டி வைத்திருந்தார்கள். புத்தகக் கண்காட்சி, புது உறுப்பினர் சேர்க்கை எல்லாம் உண்டு. பிள்ளைகளை அழைத்து வந்த அம்மாக்கள் வராந்தாவிலேயே நின்றார்கள். நான் துணிந்து உள்ளே போய் உறுப்பினரானேன். காப்புத்தொகை, சந்தா இரண்டும் சேர்த்து ஒரு நாள் காய்கறிச் செலவுகூட ஆகவில்லை.

"இந்த வயசில் என்ன படிப்பு?" என்று என்னவர் சிரித்தார். பீரோவிலிருந்து சொத்து வரி ரசீதை எடுத்து நீட்டினேன். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி! 1948இல் நம் மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர். வாடகை வீடுதானே என்று நினைக்காதீர்கள். வீட்டுக்காரர் அதையும் வாடகையில் சேர்த்துத்தான் வாங்குகிறார். பணம் கட்டிவிட்டு வாசலில் நிற்பானேன்?

எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பெண்கள் கழிவறை பூட்டிக் கிடந்தது. மூன்று மணி நேரம் படிக்க வரும் பெண் என்ன செய்வாள்? "தண்ணியே குடிக்காம வந்துடுவேன் அத்தை" என்றாள். எனக்குப் பகீரென்றது. தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டே இருந்தால் தொற்றும் எரிச்சலும் வர எவ்வளவு நாளாகும்? வாசகர் வட்டக் கூட்டத்தில் நான்கு பெண்களாகச் சேர்ந்து எழுந்து கேட்டோம். முதலில் என் கால் வெடவெடத்தது. இப்போது சாவி நூலகர் மேஜையிலேயே இருக்கிறது. வாசல் விளக்குக்கும் மனு கொடுத்திருக்கிறோம். அது இன்னும் எரியவில்லை.

கொளத்தூரில் 2024இல் திறந்த முதல்வர் படைப்பகத்தில் படிக்கவென்றே நல்ல இடம் இருக்கிறது. ஆனால் கொட்டும் மழையில், ராத்திரி வேளையில், அவ்வளவு தூரம் தினமும் ஒரு பெண் போய் வர முடியுமா? பக்கத்துத் தெரு நூலகம்தான் கைகொடுக்கும்.

நடக்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு. முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுவரும் 'நூலக நண்பர்கள்' திட்டத்தைப் பற்றி உங்கள் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். என் மாமியாருக்கு முழங்கால் வலி. அவருக்காக விசாரித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. 1931லேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் புத்தகம் போயிருக்கிறதாம்!

ஒரு வீட்டுக் குறிப்பு: மழையில் நூலகப் புத்தகத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றியே எடுத்துப் போங்கள். நனைந்துவிட்டால் வெயிலில் வைக்காதீர்கள், தாள் சுருண்டுவிடும். பக்கங்களுக்கு நடுவே வெள்ளைத் தாள் செருகி, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். செருகிய தாள் ஈரமானால் மாற்றுங்கள்.

இப்போதெல்லாம் அவள் அப்பாவே குடையோடு அழைக்க வருகிறார். வந்தவர் சும்மா நிற்பதில்லை, பேப்பர் மேஜையில் உட்கார்ந்துவிடுகிறார். நாங்கள்தான் அவருக்காகக் காத்திருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை எங்கள் நூலகத்துக்கு விடுமுறை. அன்று அவள் எங்கள் வீட்டுச் சமையலறையில் படிக்கிறாள். நான் குக்கரை ஏற்றாமல், சோற்றை வடித்துவிடுகிறேன்.