சட்டம் கேட்பதை வாங்குங்கள்

பலெர்மோவை அடுத்த மீனவ ஊர் ஸ்ஃபெர்ராகவால்லோ. இங்குள்ள கடலுணவு விடுதிகள் பலவற்றில் ஆளுக்கு ஒரே விலை. உட்கார்ந்தால் போதும், மட்டி, இறால், பேய்க்கணவாய் என்று தட்டுகள் வந்துகொண்டேயிருக்கும். இப்படியொரு கடைக்குப் பில், சரக்குக் கணக்கு மென்பொருளைச் சொந்தமாக எழுதிக்கொள்வதா, விலைக்கு வாங்குவதா? பலெர்மோவில் தொழில் செய்யும் நம்மவருக்கும் உள்ள கேள்விதான் இது.

சட்டம் கேட்பதை வாங்குங்கள். உங்கள் தொழிலுக்கே உரியதை நீங்களே செய்துகொள்ளுங்கள் என்பதே நம் நிலை.

இத்தாலியில் 2019 ஜனவரி 1 முதல் வணிகர்களுக்கிடையே மின்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) கட்டாயம். ஃபோர்ஃபெத்தாரியோ எனும் எளிய வரித் திட்டத்துச் சிறுவணிகருக்கும் 2024 முதல் விலக்கில்லை. பட்டியல் எக்ஸ்எம்எல் வடிவில் வரித்துறையின் எஸ்டிஐ தளம் வழியாகவே போக வேண்டும். வடிவம் பிசகினால் திரும்பிவிடும். திரும்பியது அனுப்பாததற்குச் சமம். விதி மாறும்போதெல்லாம் மென்பொருளும் மாற வேண்டும். கணினி படித்த மருமகனை நம்பி இதில் இறங்கினால், அவர் மிலானோவுக்கு வேலைக்குப் போன மறுமாதமே பில் நின்றுவிடும். வரித்துறையே இலவசத் தளம் தருகிறது. மாதம் நாலைந்து பட்டியல் போடுபவருக்கு அதுவே போதும்.

சரக்குக் கணக்கு வேறு கதை. ஆயத்த மென்பொருள் விற்ற தட்டை எண்ணி இருப்பைக் கழிக்கும். ஒரே விலைக் கடையின் பில்லிலோ 'நான்கு பேர்' என்றுதான் இருக்கும். எத்தனை கிலோ கணவாய் தீர்ந்தது என்று அது சொல்லாது. காலையில் வாங்கிய எடை, வந்த ஆட்கள், இரவில் மிச்சம்: இந்த மூன்று பத்திக்கு ஓர் எக்செல் தாள் போதும்.

வாங்கியதை வளைக்கப் போவதுதான் ஆகப் பெரிய செலவு. ஜெர்மனியின் லிடில் நிறுவனம் சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும். அது வாங்கிய எஸ்ஏபி மென்பொருளின் வழக்கமோ விற்பனை விலை. ஏழாண்டு மல்லுக்கட்டி, சுமார் 50 கோடி யூரோ கரைந்தபின், 2018இல் திட்டத்தையே கைவிட்டதாகச் செய்திகள் வந்தன.

வாங்கினால் விற்றவரிடம் சிக்கிக்கொள்வோமே என்ற அச்சம் நியாயமானது. பட்டியல்களைப் பத்தாண்டு காக்கச் சொல்கிறது சட்டம். இடையில் விலகினால் அவை உங்களோடு வர வேண்டும். அரசு அலுவலகங்களே மென்பொருள் பெறுமுன் எல்லா வழிகளையும் ஒப்பிட வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டின் மின்னாட்சிச் சட்டம், 68ஆம் பிரிவு. அந்த நிதானம் நமக்கும் வேண்டும். விற்க வருபவர் ஒரு மாதப் பட்டியலை உங்கள் கண்முன்னே வெளியே எடுத்துக் காட்டட்டும்; கையெழுத்து அப்புறம்.