வைகாசியில் பூச வேண்டிய சுவர்

தமிழ்நாட்டில் வீட்டுக்கு பெயின்ட் அடிப்பது பெரும்பாலும் இரண்டு பண்டிகைகளை ஒட்டித்தான். ஒன்று தீபாவளி, மற்றது பொங்கல். பண்டிகைக்கு அது பொருத்தம், சுவருக்குப் பொருத்தமில்லை. தீபாவளி வரும்போது வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும், அல்லது தொடங்கும் தறுவாயில் இருக்கும். பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் மழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அந்த மழையில் நனைந்த சுவர் மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். அதன் மேல் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் எமல்ஷனும் ஓட்டிவிட்டால், சிக்கிக்கொண்ட ஈரம் வெளியேற வழி தேடுகிறது. சில மாதங்களில் பெயின்ட் உப்பிக் கொப்பளிக்கிறது. மூலைகளிலும் பீரோவுக்குப் பின்னாலும் கருப்புப் புள்ளிகள் மறுபடி தலைகாட்டுகின்றன.

அந்தக் கருப்புதான் பூஞ்சை. அதன் வித்துகள் காற்றில் எங்கும் மிதப்பவை. அவற்றை ஒழிக்க யாராலும் முடியாது. வளர்வதற்கு வெதுவெதுப்பு வேண்டும், தீனி வேண்டும், ஈரம் வேண்டும். வெதுவெதுப்புக்கு நம் ஊரில் குறைவே இல்லை. தீனிக்குச் சுவரில் படிந்த தூசியும் பெயின்டில் உள்ள கரிமப் பொருள்களும் போதும். நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். நனைந்ததை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை.

ஆனால் செங்கல் சுவர் அவ்வளவு சீக்கிரம் காயாது. 24 மணி நேரம் நீரில் ஊறிய சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை நீரைக் குடிக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயமே (ஐ.எஸ். 1077) அனுமதிக்கிறது. மூன்று கிலோ எடையுள்ள ஒரே செங்கல்லில் அரை லிட்டருக்கும் மேல் தண்ணீர்! வெளிப்பூச்சில் முடி அளவு விரிசல் இருந்தாலும், சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில் இடைவெளி விட்டிருந்தாலும், மழைக்காலம் முழுவதும் சுவர் குடித்துக்கொண்டே இருக்கும்.

இங்கேதான் நீர் ஒட்டாப் பூச்சுகளின் வேலை. கடைகளில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற ஒரே சொல்லில் விற்கப்படுபவற்றில் இரண்டு வேறு வேறு வகைகள் இருக்கின்றன என்பதை வாங்குபவருக்கு யாரும் சொல்வதில்லை. ஒன்று, சுவரின் மேல் ரப்பர் தோல் போலப் படியும் தடித்த பூச்சு. இன்னொன்று சிலேன், சிலாக்சேன் எனப்படும் சிலிக்கான் சேர்மங்கள். இவை தண்ணீர் போலவே சுவருக்குள் இறங்கி, நுண்துளைகளின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்கின்றன. துளையை அடைப்பதில்லை. வெளியிலிருந்து விழும் மழைத்துளி உள்ளே ஏற முடியாமல் உருண்டு விழும். உள்ளே இருக்கும் ஈரமோ ஆவியாகி அதே துளை வழியே வெளியேறும். சுவரின் நிறமும் பெரிதாக மாறாது. பூச்சு வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு குவளைத் தண்ணீர் போதும். வீசியடித்த இடத்தில் துளித்துளியாக உருண்டால் நல்லது. சுவர் கறுத்து ஈரத்தை இழுத்துக்கொண்டால் மறுபடி பூசும் காலம் வந்துவிட்டது.

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததை நாம் பழமொழியாகச் சொல்லிவந்தோம். அதன் காரணத்தை ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் நுண்ணோக்கியில் கண்டார். இலையின் மேல் நுண்ணிய மேடுகள், அவற்றின் மேல் மெழுகுத் துகள்கள். உருளும் துளி அழுக்கையும் சேர்த்து வழித்துக்கொண்டு போகிறது. அவர் 1997-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையைத் தொடர்ந்து, இரண்டே ஆண்டுகளில் அந்த உத்தியைப் பின்பற்றிய வெளிச்சுவர் பெயின்ட் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தது.

அதே ஐரோப்பாவில் இன்னொரு பாடமும் உண்டு. பூஞ்சையையும் பாசியையும் கொல்ல வெளிப்பூச்சில் நச்சு கலப்பது அங்கே நெடுநாளைய வழக்கம். அந்த நச்சு மழையில் கரைந்து மண்ணுக்கும் ஓடைக்கும் போவதை சுவிட்சர்லாந்தின் ஈவாக் ஆய்வு நிறுவனம் உள்ளிட்டோர் அளந்து காட்டினார்கள். கரைந்து போனால்தான் நச்சு வேலை செய்யும். கரைந்து தீர்ந்தபின் பாசி திரும்பிவிடும். கிணற்றடியிலேயே மழைநீர் இறங்கும் நம் வீடுகளில், நஞ்சை நம்புவதைவிட ஈரத்தைத் தடுப்பதே மேல்.

ஆனாலும் சிலேன், சிலாக்சேன் பூச்சுகளால் ஆகாதவை பல. விரிசலை அவை அடைக்காது. மொட்டை மாடியில் தேங்கும் நீரைத் தாங்காது. அடித்தளத்திலிருந்து மேலேறும் ஓதத்தையும், குளியலறைக் குழாயின் கசிவையும் நிறுத்தாது. எனவே, பூசும் முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். ஒரு சதுர அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஓரிரு நாள் விட்டுவிடலாம். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் முத்துமுத்தாகக் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. தாளின் வெளிப்புறம் நனைந்திருந்தால் குறை அறைக் காற்றில். அதற்கு ஜன்னலைத் திறக்க வேண்டும், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும். வெள்ளையாகப் பூத்திருப்பதெல்லாம் பூஞ்சையும் அல்ல. தண்ணீர் தெளித்தால் கரைந்து போவது உப்பு. உப்பேறிய சுவருக்கு அப்படியே பூச்சடித்தால் உள்ளே படியும் உப்பு பூச்சுவேலையையே பெயர்த்துவிடும்.

பூஞ்சையைத் தேய்த்துக் கழுவும்போது முகக்கவசம் கட்டாயம். ப்ளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலப்பது உயிருக்கே ஆபத்து. வெளிவருவது குளோரின் வாயு.

பூஞ்சையாலும் உயிருக்கு ஆபத்து என்று சொல்வது மிகையல்ல. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் வாடகைக் குடியிருப்பு ஒன்றில் பூஞ்சை படர்ந்திருப்பதாக ஒரு தந்தை 2017-இல் முறையிட்டார். அதன் மேல் பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். 2020 டிசம்பரில் அவருடைய இரண்டு வயதுக் குழந்தை மூச்சு நோயால் இறந்தது. நீண்ட காலம் பூஞ்சைச் சூழலில் வாழ்ந்ததே காரணம் என்று 2022-இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். குழந்தையின் பெயரால் அமைந்த அவாப் சட்டம் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கடுமையான ஓதம், பூஞ்சை பற்றிய முறையீட்டை 10 வேலை நாள்களுக்குள் ஆராய வேண்டும். உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். இது அங்கே சமூக வீட்டுவசதி உரிமையாளர்களின் சட்டக் கடமை.

இங்கே வாடகைக்கு இருப்பவருக்கு அப்படி ஒரு பிடிமானம் இல்லை. சென்னையில் காலி செய்யும்போது பெயின்டிங் செலவென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது பரவலான வழக்கம். அந்தப் பணத்தில் கருப்பு மறைக்கப்படுகிறது, கசிவு அப்படியே இருக்கிறது. அடுத்து வரும் குடும்பத்தின் குழந்தை அதே மூலையில் படுக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் கசிவைச் சரிசெய்யும் பொறுப்பும் கால வரம்பும் எழுதப்பட வேண்டும்.

சொந்தமாக ஃபிளாட் வாங்கியவருக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ சுட்டிக்காட்டப்பட்டால், கட்டுநர் 30 நாள்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. வெளிச்சுவர்க் கசிவைப் படமெடுத்து, தேதியிட்டு, குடியிருப்போர் சங்கத்தின் வழியே எழுத்தில் கொடுக்கலாம். ஐந்தாம் ஆண்டு முடிந்தபின் அந்தச் செலவு முழுவதும் சங்கத்தின் தலையில்தான் விழும்.

அரசுக் கட்டடங்களில் தொடங்குவது இன்னும் எளிது. பள்ளிகளுக்கு மே மாதம் விடுமுறை. அங்கன்வாடிச் சுவர்களும் அப்போது காய்ந்து கிடக்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் மாவட்டங்களில் சித்திரை, வைகாசி வெயிலில் விரிசலை அடைத்து, மழைநீர்க் குழாயைச் செப்பனிட்டு, வெளிச்சுவருக்கு மூச்சுவிடும் பூச்சைக் கொடுக்கலாம். தென்மேற்குப் பருவமழை பெய்யும் நீலகிரி, வால்பாறை, கன்னியாகுமரிக்கு மட்டும் வேலை ஏப்ரலுக்குள் முடிய வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தப்புள்ளிகளில் எத்தனை கோட் என்று எழுதுவதோடு, எந்த மாதம் பூச வேண்டும், பூசும் முன் சுவரின் ஈரம் சோதிக்கப்பட்டதா என்ற இரண்டு வரிகளையும் பொதுப்பணித் துறையும் உள்ளாட்சிகளும் சேர்த்தால், அடுத்த கோடையிலேயே வேலையைத் தொடங்கிவிடலாம்.