மேயரை யார் தேர்ந்தெடுக்க வேண்டும்?

1996இல் நடைபெற்ற உள்ளாட்சித் தேர்தல் தமிழகத்துக்கு இரண்டு முதல்வர்களைத் தந்தது. அத்தேர்தலில் மு.க. ஸ்டாலின் சென்னை மேயரானார், ஓ. பன்னீர்செல்வம் பெரியகுளம் நகர்மன்றத் தலைவரானார். 2001இல் பன்னீர்செல்வமும் 2021இல் ஸ்டாலினும் முதல்வர் பொறுப்பை ஏற்றனர். இருவரின் உயர்வுக்கும் கட்சித் தலைமையின் ஆதரவே முதற்காரணம் என்று கூறுவதில் தவறில்லை. ஆயினும், நிர்வாகம் பழகும் களமாக இருவருக்கும் உள்ளாட்சி அமைந்தது என்பதையும் மறுக்க இயலாது.

சென்னையில் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மேயர் ஸ்டாலின். மேம்பாலங்களும் 'சிங்காரச் சென்னை' என்ற முழக்கமும், கருணாநிதியின் மகன் என்பதற்கு அப்பால் அவருக்கென ஓர் அடையாளத்தை உருவாக்கின. 2001இல் மீண்டும் வென்றார். ஆனால், மேயராகவும் சட்டப்பேரவை உறுப்பினராகவும் ஒருவரே இருத்தலாகாது என 2002இல் அன்றைய அதிமுக அரசு சட்டம் இயற்றியதைத் தொடர்ந்து மேயர் பதவியை இழந்தார்.

கொங்கு மண்டலத்துக்கு இந்தப் பாதை புதிதன்று. ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராகவும், பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவராகவும் பணியாற்றியவர்கள். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார், கோவை நகராட்சி மன்றத்திலிருந்து பொதுவாழ்வைத் தொடங்கியவர். உள்ளூரில் பொறுப்புடன் செலவிட்டு நற்பெயர் ஈட்டிய தலைவர்கள் மேல்மட்டத்துக்குப் போட்டியிட வழியிருந்தால்தான் ஜனநாயகம் வலுப்பெறும் என்பது நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் ரோஜர் மையர்சனின் வாதம். இந்தோனேசியாவில் சோலோ நகர மேயராக இருந்த ஜோகோ விடோடோ 2014இல் அந்நாட்டின் அதிபரானது இதற்குச் சான்று.

அந்த நற்பெயரை ஈட்டும் வாய்ப்பைத்தான் நமது அரசுகள் மாறி மாறிக் குலைத்துள்ளன. மேயரை மாமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தலை 2006இல் கொண்டுவந்தது, நேரடித் தேர்தலால் பயனடைந்த திமுகவின் அரசே. 2011இல் அதிமுக ஆட்சியில் நேரடித் தேர்தல் திரும்பியது. 2019இல் அதே கட்சியின் அரசு மீண்டும் மறைமுகத் தேர்தலுக்கு மாறியது. இடையில் 2016 முதல் 2022 வரை மாநகராட்சிகளில் மக்கள் பிரதிநிதிகளே இல்லை. தனி அலுவலர்களே நிர்வகித்தனர்.

இதன் விளைவைக் கோவையில் காணலாம். 2022 மார்ச்சில் மாநகரின் முதல் பெண் மேயர் போட்டியின்றித் தேர்வானார். 2024 ஜூலையில் பதவி விலகினார். அடுத்தவரும் போட்டியின்றியே வந்தார். நூறு வார்டுகள் கொண்ட மாநகரின் வாக்காளர்களுக்கு இந்த மாற்றத்தில் எந்தப் பங்கும் இல்லை. கோவையை அடுத்த சூலூர் பேரூராட்சியின் தலைவரும் மறைமுகமாகவே தேர்வாகிறார். ஆனால், சுற்றிலுமுள்ள சிறு கிராம ஊராட்சிகளில் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். கிராமத்தாருக்கு உள்ள உரிமை நகரத்தாருக்கு ஏன் இல்லை?

நேரடியாகத் தேர்வாகும் மேயருக்கு மாமன்றத்தில் பெரும்பான்மை இல்லையெனில் நிர்வாகம் முடங்கும் என்ற வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. மறைமுகமாகத் தேர்வான மா. சுப்பிரமணியன், சென்னை மேயராக இருந்து பின்னர் அமைச்சரானார் என்பதும் உண்மை. மறுபுறம், 2011இல் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கோவை மேயர் செ.ம. வேலுசாமி 2014இல் பதவிக்காலம் முடியும் முன்பே விலகினார். ஆகவே நேரடித் தேர்தல் மட்டுமே போதுமானதன்று. மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடமே நிர்வாக அதிகாரம் குவிந்திருக்கும்வரை, மேயரின் திறமையையோ திறமையின்மையையோ வாக்காளர் எவ்வாறு அளவிட முடியும்?

2022இல் அமைந்த மாமன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தில் நிறைவடைகிறது. அதற்குமுன் செய்ய வேண்டியவை மூன்று: நேரடித் தேர்தலை மீட்டல், தேர்தல்தோறும் விதியை மாற்றும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தல், வரவு செலவுத் திட்டத்திலும் பணி ஒப்புதலிலும் மேயருக்கு உண்மையான அதிகாரம் அளித்தல். தாங்கள் ஏறிவந்த ஏணியை அடுத்த தலைமுறைக்கு மறுக்காமல் விட்டுவைப்பது கட்சித் தலைமைகளின் கடமை.