கால் பழக கோர்ட் வேண்டாம்

ஷட்டில் பேட் வாங்க வரும் பெற்றோர் கடையில் கேட்பதெல்லாம் என்ன கம்பெனி, என்ன எடை, நரம்பின் இறுக்கம் எத்தனை பவுண்டு என்பதுதான். ஷூவைப் பற்றிய பேச்சு கடைசியில் வரும். வீட்டில் கிடப்பதே போதும் என்று பெரும்பாலும் அங்கேயே முடிந்தும்விடும். பயிற்சியிலும் இதே வரிசைதான். முதல் நாள் சர்வீஸ், இரண்டாம் வாரம் ஸ்மாஷ், காலுக்கு மட்டும் "வேகமா ஓடு" என்ற ஒற்றை அதட்டல். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்கிறேன். அதிலும் திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர் போன்ற ஊர்களின் பிள்ளைகளுக்குக் கால்தான் முதல் பாடமாக இருக்க வேண்டும். பெரிய நகரத்து வசதி இல்லாதவர்களுக்குச் சொல்லும் சமாதானம் அல்ல இது. ஆட்டத்தின் கணக்கே அப்படித்தான் இருக்கிறது.

ஒற்றையர் ஆட்டத்தில் ஒருவர் காக்க வேண்டிய இடம் 6.70 மீட்டர் நீளமும் 5.18 மீட்டர் அகலமும் கொண்டது. நடுவில் நிற்பவருக்கு எந்த மூலையும் ஏறக்குறைய நாலேகால் மீட்டர். நீட்டிய கையும் பேட்டும் அதில் ஒரு மீட்டருக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மிச்சம் மூன்று மீட்டர், அதாவது இரண்டு அல்லது மூன்று எட்டு. நூறு மீட்டர் ஓட்டக்காரர் தன் உச்ச வேகத்தைத் தொடவே ஐம்பது, அறுபது மீட்டர் ஆகும். ஆகவே பள்ளி விளையாட்டு விழாவில் முதலாவதாக ஓடி வரும் பையன் கோர்ட்டில் ஷட்டிலுக்குப் பின்னால் திணறுவதில் வியப்பேதும் இல்லை. அவனுக்கு இருக்கும் வேகம் இங்கே செலவாகவே இடமில்லை. இங்கே வேண்டியது சட்டென்று கிளம்பும் வேகமும் சட்டென்று நிற்கும் பலமும்தான். இரண்டும் பிறவியில் வருவதைவிடப் பழக்கத்தில் வருவதே அதிகம்.

கிளம்புவதை எடுத்துக்கொள்வோம். நல்ல ஆட்டக்காரர் ஒருவரின் பாதங்களை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். எதிராளி பேட்டை வீசும்போது இவர் ஒரு சின்னத் துள்ளல் துள்ளுவார். தரையை விட்டு எழுவதுகூடத் தெரியாது. எதிராளியின் பேட்டில் ஷட்டில் படும் நேரத்தில் இவருடைய கால்கள் தோள் அகலத்துக்கு மேல் விரிந்து, முன்பாதத்தில் இறங்கியிருக்கும். இறங்கும்போது கெண்டைக்கால், தொடைத் தசைகள் நொடிப்பொழுது இழுபட்டு, அந்த இழுவிசையையே தள்ளுவிசையாகத் திருப்பித் தருகின்றன. ஸ்பிளிட் ஸ்டெப் என்பார்கள். குதிகால் ஊன்றி அசையாமல் நிற்பவருக்கு இந்த இலவச உந்துதல் கிடைப்பதில்லை. ஷட்டிலை எட்டுவதும் எட்டாததும் பெரும்பாலும் இந்தத் துள்ளலின் நேரத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

நிற்பது இதைவிடக் கடினம். நெட் ஓரம் விழும் டிராப்பை எடுக்க வலது காலை நீட்டி அமுங்கும்போது குதிகால் முதலில் படவேண்டும். விரல்களும் முழங்காலும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும், பின்னாலிருக்கும் இடது பாதத்தின் உள்விளிம்பு தரையில் இழுபட்டு பிரேக் போட வேண்டும். முழங்கால் உள்பக்கம் மடிந்தால் அந்தப் பாயிண்ட் கிடைக்கலாம், நாளடைவில் மூட்டு போகும். பிறகு திரும்புவது. "நடுவுக்கு வா, நடுவுக்கு வா" என்று எல்லாக் கோர்ட்டிலும் ஒரு குரல் கேட்கும். அது பாதி உண்மைதான். நெட்டை ஒட்டி ஷட்டிலைப் போட்டவர் நடுவுக்கு ஓடினால் எதிராளியின் அடுத்த நெட் அடிக்குப் பிந்திவிடுவார். ஓர் எட்டு முன்னாலேயே நிற்க வேண்டும். ஓரத்தில் நேராக டாஸ் தூக்கியவர் அந்தப் பக்கமே சற்றுச் சாய்ந்து நிற்க வேண்டும். எங்கே திரும்புவது என்பது தான் அடித்த அடியைப் பொறுத்தது. இது தெரிந்தவருக்கு ஒவ்வொரு முறையும் அரை எட்டு மிச்சமாகும், ஒரு மணி நேர ஆட்டத்தில் அது சின்ன லாபமல்ல.

உயரமும் பலமும் இருந்தால் போதுமே என்பவர்கள் 2017 கிளாஸ்கோ உலக சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தை நினைத்துப் பார்க்கலாம். 1.79 மீட்டர் உயரமுள்ள பி.வி. சிந்துவும் 1.56 மீட்டர் உயரமே உள்ள ஜப்பானின் நொசோமி ஒகுஹாராவும் 110 நிமிடம் ஆடினார்கள். ஒரு ரேலி மட்டும் 73 அடிகள் போயிற்று. 21-19, 20-22, 22-20 என்று ஒகுஹாரா வென்றார். சிந்துவின் கைக்கு இருந்த எட்டத்தை இவர் பாதங்களால் ஈடுகட்டினார். நம் பக்கத்திலேயே சென்னையின் சங்கர் முத்துசாமி இருக்கிறார். ஸ்மாஷால் மிரட்டுகிற ரகம் அல்ல. எதை அடித்தாலும் எடுத்துத் திருப்பிப் போடுகிற ரகம். 2022 உலக ஜூனியர் போட்டியில் வெள்ளி வென்றார். 2025 மார்ச்சில் ஸ்விஸ் ஓப்பனில், அப்போது உலகின் இரண்டாம் நிலை வீரரான டென்மார்க்கின் ஆண்டர்ஸ் அன்டோன்சனை 18-21, 21-12, 21-5 என்று வென்றார். முதல் கேமை இழந்தவர் மூன்றாவது கேமில் எதிராளிக்கு ஐந்தே பாயிண்ட் கொடுத்தார். திருப்பித் திருப்பி எடுக்கும் ஆட்டம் எதிராளியின் காலையும் பொறுமையையும் எப்படித் தின்னும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

இனி ஆத்தூருக்கு வருவோம். மேற்கே மலை, நடுவில் காமராஜர் அணை, கீழே தோப்பும் வயலும் நிறைந்த சமவெளி. வெட்டவெளியில் சிமெண்ட் தரையில் கோடு போட்டு ஆடும் ஷட்டிலுக்குக் காற்று பெரிய எதிரி. ஐந்து கிராம் எடையுள்ள இறகை ஆடி மாதக் காற்று எங்கே கொண்டுபோய்ப் போடும் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த மாதிரி நாளில் அடிப் பழக்கம் வீண், கால் பழக்கம் வீணாகாது. மண் தரையில் சுண்ணாம்பால் ஆறு புள்ளி வைத்து, ஷட்டில் இல்லாமலே ஷேடோ பிராக்டிஸ் செய்யலாம். அதற்கு வேண்டிய உடலும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கபடியில் ரெய்டு போகும் பையன் எதிராளி அசையும் கணத்தில் எடையை மாற்றித் திரும்பப் பழகியவன். தஞ்சாவூரில் பிறந்து தமிழகப் பள்ளிகள் எங்கும் பரவிய, கம்பளிப் பந்தைக் கொண்டு ஐவர் அணியாக ஆடும் பூப்பந்தாட்டம் திறந்தவெளி மைதானத்தில்தான் வளர்ந்தது. வசதி குறைந்த இடத்தில் எழுந்த ஆட்டக்காரர்களுக்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 1980இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்ற பிரகாஷ் படுகோன் ஆட்டம் பழகியது பெங்களூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். முகூர்த்த நாட்களில் பயிற்சி கிடையாது.

ஷட்டில் இல்லாமல் பழகுவது வெறும் நடனம்தானே என்று ஒரு மறுப்பு உண்டு. நியாயமான மறுப்பு. ஷட்டிலின் திசையைக் கண் படிப்பதும் கால் கிளம்புவதும் சேர்ந்துதான் வேகம். மனப்பாடமாக ஆறு புள்ளிக்கும் வரிசையாகப் போய் வருபவர் ஆட்டத்தில் தவறான பக்கம் கிளம்புவார். எனவே வரிசை வைக்கக் கூடாது. எதிரே ஒருவர் நின்று கையால் திசை காட்ட வேண்டும், சில சமயம் காட்டுவதுபோல் ஏமாற்றவும் வேண்டும். பழைய ஷட்டில்களைக் கையால் அங்குமிங்கும் வீசினால் இன்னும் நல்லது. பத்து விநாடி வேலை, இருபது விநாடி ஓய்வு என்று போனால் அது ஆட்டத்தின் தாளத்துக்கே பக்கத்தில் வந்துவிடும், ஏனென்றால் பெரும்பாலான ரேலிகள் பத்து விநாடிக்குள் முடிந்துவிடுகின்றன. மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவைக்கும் வழக்கம் மூச்சுக்கு நல்லதுதான், கோர்ட் வேகத்துக்கு அதிகம் உதவாது. பிள்ளைகளுக்குச் சலிக்கும் என்பார்கள். சலிக்கத்தான் செய்யும், ஆகவே ஒரு வேளைக்குக் கால் மணி நேரம் போதும், மிச்ச நேரம் ஆடட்டும்.

இன்னொரு மறுப்பு கனமானது: வேகம் காயத்தைக் கொண்டுவராதா? 2016 ஒலிம்பிக் தங்கம் வென்ற ஸ்பெயினின் கரோலினா மரினின் காலைப்போல வேகமான கால்கள் மகளிர் ஆட்டத்தில் அபூர்வம். 2024 பாரிஸ் அரையிறுதியில், முதல் கேமை வென்று இரண்டாவதிலும் முன்னிலையில் இருந்தபோது முழங்கால் பிசகி விழுந்தார். முழங்கால் தசைநார் கிழிந்து அவர் ஆட்டத்தை விட்டு விலக நேர்ந்தது அது முதல் முறையும் அல்ல. உலகத்தரமான தரையும் மருத்துவரும் இருந்தவருக்கே இந்த நிலை என்றால், சிமெண்டில் குதிக்கும் பன்னிரண்டு வயதுக்காரரை நினைத்து நாம் பயப்படுவது சரிதான். ஆனால் அந்தப் பயம் நான் சொல்வதற்குத்தான் பலம் சேர்க்கிறது. இறங்கவும் நிற்கவும் சொல்லித்தராமல் ஸ்மாஷ் அடிக்க மட்டும் சொல்லித்தந்தால் பையன் எப்படியும் குதிப்பான், தப்பாகக் குதிப்பான். சிமெண்டில் துள்ளல் பயிற்சி கூடாது, மண்ணில் வைத்துக்கொள்ளலாம். ஷூ விஷயத்திலும் கறார் வேண்டும். ஓட்டத்துக்கான ஷூவின் உயர்ந்த, மெத்தென்ற குதிகால் பக்கவாட்டில் நிற்கும்போது கணுக்காலைப் புரட்டிவிடும். தட்டையான, தரையைப் பிடிக்கும் ரப்பர் அடிப்பாகம் கொண்ட ஷட்டில் ஷூவுக்குக் காசு போதவில்லையென்றால், பேட்டில் குறைத்துக்கொள்ள வேண்டும்.

யார் செய்வது? அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்தான், வேறு வழியில்லை. அவருக்கு மூன்று நாள் பயிற்சி தந்தால் போதும், கோர்ட் தர வேண்டியதில்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை வாரம் ஒரு பி.டி. பீரியடில் கால் மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் கபடிக்கும் கோகோவுக்கும்கூட அது உதவும். பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார் என்பது நடைமுறைச் சிக்கல், தலைமையாசிரியர் மனம் வைத்தால் தீரும். உள்ளூர் அமைப்புகள் உள்ளரங்கம் கட்டும்போது முகப்புக்கும் பெயர்ப் பலகைக்கும் முன்னால் தரையைக் கேட்க வேண்டும்: மரத்தளமா, மேலே மேட் விரிக்கப்போகிறார்களா, அல்லது கான்கிரீட்டில் பெயிண்ட் அடித்து விட்டுவிடுவார்களா? கட்டிடம் எழுந்தபின் தரையை மாற்றுவது பெரிய செலவு. கேள்வியை டெண்டர் விடும் முன்பே கேட்க வேண்டும், பிள்ளைகளின் பெற்றோரே கேட்கலாம்.