சீசாவைக் கழுவாதீர்!

நம் விடுதி நண்பர் ஒருவர் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு மருந்துச் சீசா வாங்கி வந்தார். ‘பெங்கால் கெமிக்கல்’ என்ற லேபிள் பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி எறிந்துவிட்டு, பளபளக்கும் வெறுங் கண்ணாடியை ஜன்னலில் வைத்து மகிழ்ந்தார். எனக்கோ வயிறு எரிந்தது. காரணம் சொல்லுகிறேன்.

ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய் 1892-ல், 700 ரூபாய் முதலோடு, கல்கத்தா அப்பர் சர்க்குலர் ரோடு 91-ஆம் எண் வீட்டில் மருந்து தயாரிக்கத் தொடங்கினார். (ராஜாபஜார் விஞ்ஞானக் கல்லூரி 92-ஆம் எண்! அந்த வழியே போகிற நம்மவரில் எத்தனை பேர் இதை அறிவர்?) பிரசிடென்சி கல்லூரியில் பாடம் சொன்ன நேரம் போக மிஞ்சிய பொழுதில்தான் இந்த வேலை. கசாப்புக் கடை எலும்புகளை மொட்டை மாடியில் காயப்போட, மழை பெய்து நாற்றமெடுத்து, அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்த கதையை அவரே எழுதியிருக்கிறார். அந்த எலும்பிலிருந்துதான் சோடியம் பாஸ்பேட் எடுத்தார்.

சரக்குச் செய்வதைவிட அதை விற்பது பெரும்பாடாயிற்று. சீமைக் கம்பெனியின் பெயர் இருந்தால் தானே விலைபோகும், உள்ளூர்ச் சரக்கை யார் தொடுவார்கள் என்றனர் கடைக்காரர்கள். ராயின் நண்பரான டாக்டர் அமூல்ய சரண் போஸ் சக வைத்தியர்களிடம் போய்ச் சிபாரிசு செய்தார். நம் ஆடாதோடை ‘வாசகா’ பாகாகவும், நம் பாட்டிமாரின் ஓமத் தண்ணீர் ‘அக்வா டைகோடிஸ்’ என்ற லத்தீன் பெயரோடும் சீசாவில் ஏறின. ஓமத்துக்கும் லத்தீன் வேஷம் தேவைப்பட்ட காலம் அது! 1898-ல் போஸ் பிளேக் நோய்க்குப் பலியானார். தொழில் 1901-ல் லிமிடெட் கம்பெனியாகி, 1980-ல் அரசுடைமையாயிற்று.

ஆக, அந்தப் போராட்டம் முழுவதும் நண்பர் சுரண்டி எறிந்த காகிதத் துண்டின் மேல்தான் நடந்தது.

கண்ணாடி ஒன்றுமே பேசாது என்று சொல்லவில்லை. அச்சில் வைத்து ஊதிய பழைய சீசாவில் பக்கத்துத் தையற்கோடு கழுத்தோடு நின்றுவிடும். முழு யந்திரச் சீசாவில் வாய்விளிம்பு வரை ஏறும். விஷச் சீசா என்றால், இருட்டில் தடவினாலும் தெரியும்படி வரிவரியாக முகடு வைத்திருப்பார்கள். ஆனால் உள்ளே இருந்தது இன்னது, அடைத்தவர் இன்னார் என்பதை லேபிளல்லவா சொல்ல வேண்டும்?

ஆய்வகங்களில் அலமாரி ஒழிக்கும்போது இத்தகைய சீசாக்கள் மூட்டை மூட்டையாகப் போகின்றன. ஒன்று கைக்கு வந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள், லேபிளோடு படமெடுங்கள், கிடைத்த இடத்தைக் குறித்து வையுங்கள். உள்ளே ஏதேனும் மிச்சமிருந்தால் மட்டும் திறக்காமல் ஆய்வகப் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள்.

நண்பருடைய சீசாவில் இப்போது மணிப்பிளாண்ட் வளர்கிறது.