ஆடியது காலி நாற்காலி!

புகழ் வந்தால் போட்டியும் வரும். ஆனால், புகழ் பெற்ற 5 பாடகர்கள் போட்டியை மறந்து ஒன்று சேர்ந்தார்கள். இந்த அதிசயம் 1988-ம் ஆண்டு அமெரிக்காவில் நடந்தது.

யார் அந்த ஐவர்?

ஜார்ஜ் ஹாரிசன், பாப் டிலான், ராய் ஆர்பிசன், டாம் பெட்டி, ஜெப் லின். 'ராக்' இசையில் கொடிகட்டிப் பறந்தவர்கள். ஆனால் இசைத்தட்டில் சொந்தப் பெயரைப் போடவில்லை. 'வில்பரி' சகோதரர்கள் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார்கள்!

அக்டோபரில் இசைத்தட்டு வெளிவந்தது. டிசம்பர் 6-ந் தேதி ஆர்பிசன் மாரடைப்பால் இறந்தார். வயது 52. பிறகு எடுத்த பாட்டுப் படத்தில் அவர் குரல் வந்தது, ஆள் இல்லை. ஆடும் நாற்காலியில் கிதார் மட்டும் இருந்தது. நாற்காலி ஆடியது. பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள்.

ஏன் இந்த அன்பு?

இந்தக் குழு ஊர் ஊராகக் கச்சேரி செய்ததில்லை. 2001-ல் ஹாரிசனும் மறைந்தார். ஆனாலும் 2007-ல் பழைய பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டபோது, இங்கிலாந்தில் விற்பனையில் முதல் இடம்!

"உன் ஆள் பெரியவரா, என் ஆள் பெரியவரா?" என்பதுதான் ரசிகர்களின் வழக்கமான சண்டை. இங்கே அதற்கு இடமே இல்லை. ஐவரும் அண்ணன் தம்பி ஆகிவிட்டார்களே! பெரியவர்கள் கூடி வாழ்ந்தால், அவர்களை நேசிப்பவர்களும் கூடி வாழ்வார்கள்.