கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப் பூட் ஆகலையா? அவசரப்பட்டு ஃபார்மட் பண்ணாதீங்க!

காலையில் மீட்டிங். முந்தின ராத்திரி லினக்ஸ் லேப்டாப்பில் அப்டேட் கொடுத்துவிட்டுத் தூங்கிட்டேன். காலையில் ஆன் செய்தால் 'கர்னல் பேனிக்' என்று திரை உறைந்து நிற்கிறது. நண்பர்கள் சொன்ன ஒரே வைத்தியம்: "ஃபார்மட் பண்ணிடு."

என்னைக் கேட்டால், அது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். உபுண்டு போன்றவை புது கர்னலைப் போட்டதும் பழையதை உடனே அழிப்பதில்லை. ரீஸ்டார்ட் செய்து, லோகோ மறையும் நேரத்தில் எஸ்கேப் கீயை ஒருமுறை தட்டுங்கள். பழைய பயாஸ் மெஷின் என்றால் ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடியுங்கள். க்ரப் மெனு வரும். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் சிஸ்டம் எழுந்துவிடும். என்னுடையதும் எழுந்தது, மீட்டிங்கும் தப்பியது.

காரணத்தை அப்புறம் நிதானமாகத் தேடலாம். என் லேப்டாப்பில் பூட் பார்ட்டிஷன் நிரம்பி, பூட் ஆகத் தேவையான 'இனிட்ராம்எஃப்எஸ்' ஃபைல் உருவாகவே இல்லை. இப்போது ஓடும் கர்னலைத் தொடாமல், அதைவிடப் பழையவற்றை நீக்கி, அந்த ஃபைலை மறுபடி உருவாக்கினேன். சரியாகிவிட்டது. பேனிக் இல்லாமல் வெறும் கறுப்புத் திரை என்றால், கிராபிக்ஸ் டிரைவர் புது கர்னலோடு ஒத்துப்போகவில்லையா என்று பாருங்கள்.

இதற்குப் பயந்து அப்டேட்டையே நிறுத்துவதும் தப்பு. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதே அதுதான். ஆனா, வேலை செய்யும் பழைய கர்னல் ஒன்று எப்பவும் இருக்கட்டும். முக்கியமான நாளுக்கு முந்தின ராத்திரி அப்டேட் வேண்டவே வேண்டாம்!